பதர் கலந்த நெல்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரக் கடையொன்றிலே, கணனியின் முன்னமர்ந்த இளைஞனிடம் பென் டிரைவை நீட்டி, "தம்பி, நேற்றையான் நாடகத்தையும் சேத்துப் போட்டுத் தா ராசா" என்று கேட்ட முதிய அன்னை ஒருத்தியைக் கண்டபோது, அந்நாடகம் எவ்வழியாக அவ்விடத்தை வந்தடைந்தது என்பதையும், அத்தகைய வழிகளை மறிப்பதற்குத் தொலைக்காட்சி ஸ்தாபனங்கள் கையாண்ட உபாயங்களையும் எழுதவேண்டும் என்னும் எண்ணம் எனக்கு எழுந்தது.

2001 இல் பிராம் கோஹன் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய பிட்டோரண்ட் முறையிலே, கோப்பு ஓரிடத்திலிருந்து முழுதாக வருவதில்லை. துண்டு துண்டாகப் பகுக்கப்பட்டு, அதனை வைத்திருக்கும் பலருடைய கணனிகளிலிருந்தும் வந்து சேர, பெறுகின்றவரே பிறருக்கு வழங்குபவராகவும் ஆகிவிடுகிறார். இந்தப் பரஸ்பர நம்பிக்கையையே அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. 2005 இல் குறிவைத்தது. அதன் 'ரோம்' தொடர் களவாகப் பரவியபோது, சாதாரண பயனர்களைப்போல வேஷமிட்ட கணனிகள் கூட்டத்திற் புகுந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பழுதான தரவுகளை வழங்கியதாக அக்காலத்துச் செய்திகள் கூறின.

இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த நெல்லிலே பதரைக் கலப்பதற்கு ஒப்பானது இது. ஆனால் பிட்டோரண்டிடமும் ஒரு சுளகு உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே கணித்துவைத்த குறியொன்று இருக்கிறது. வந்த துண்டு அதனோடு பொருந்தாவிடில் புடைத்துத் தள்ளப்பட்டு, மறுபடி கேட்கப்படும். ஒரே துண்டின் சிறு கூறுகள் வெவ்வேறு கணனிகளிலிருந்து வரக்கூடுமாதலால், ஒரு கூறு பதராயினும் நல்லவையெல்லாம் அதனோடு வீணாகும். இறக்கம் இவ்வாறு நீண்டுகொண்டே போக, பார்ப்பவர் சலித்துக் கைவிடுவார் என்பதே எதிர்பார்ப்பு. பழுது தரும் கணனிகளை இனங்கண்டு விலக்கும் மென்பொருள்கள் வந்தபின் அவ்வெதிர்பார்ப்பும் தேய்ந்தது.

நீதிமன்ற வழியும் இலேசாக இருக்கவில்லை. 2012 இல் '3' திரைப்படம் களவாகப் பரவுவதைத் தடுக்கும்பொருட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தடையுத்தரவைக் கொண்டு இணையச் சேவை வழங்கும் நிறுவனங்கள் தளங்கள் முழுவதையுமே மூடிவிட, குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்கவேண்டும் என்று நீதிமன்றம் பின்னர் தெளிவுபடுத்த நேர்ந்தது. 2017 ஆகஸ்டிலோ, எச்.பி.ஓ.வின் 'கேம் ஆப் த்ரோன்ஸ்' தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்புக்கு முன்பே, அதனை இந்தியாவில் வழங்கிய ஸ்டார் இந்தியா நிறுவனத்தின் முத்திரையோடு வெளியாகி, நால்வர் கைதாயினர். கொம்பறைக்குள்ளிருந்தே நெல் போகுமாயின், களத்திலே பதர் தூவி என்ன பயன்?

கலைஞரின் உழைப்பைக் களவாடுதல் குற்றமே. நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அவர் உரிமையைக் காக்கவே இருக்கிறது. எனினும், 2015 இல் அதே எச்.பி.ஓ. 'கேம் ஆப் த்ரோன்ஸ்' தொடரை 170 நாடுகளில் ஒரே வேளையில் ஒளிபரப்ப முன்வந்ததையே நான் மேலான உபாயமாகக் கருதுகிறேன். கடனட்டையோ இணையச் சந்தாவோ அறியாத அந்த அன்னை, முந்தானை முடிச்சை அவிழ்த்து இளைஞனிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். அந்தப் பணம் நாடகத்தை ஆக்கியவரிடம் போய்ச் சேரும் வழியொன்றை எவரேனும் அவளுக்குக் காட்டியிருந்தால், அங்கும் அவள் அதை எண்ணியே கொடுத்திருப்பாள்.