நடுக்கம் ஒன்றா, பலவா?



போன மாசம் எங்க அப்பாருவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவ் லெட்டர் எழுதினேன். அதில் ‘மை கிராண்ட்ஃபாதர்ஸ் ஹேண்ட்ஸ் ஆர் வைப்ரேட்டிங்’ என்று எழுதிவிட்டேன். இங்கிலீஷ் டீச்சர் படித்துவிட்டு, “கண்ணு, செல்போன்தான் வைப்ரேட் ஆகும். கை ட்ரெம்பிள் ஆகும்” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். தமிழில் நடுக்கம், அதிர்வு, உதறல், குலுக்கல், தள்ளாட்டம் என்று இடம் பார்த்துச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். டீச்சரிடம் கேட்டும் டிக்‌ஷனரி பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. ஷேக்: பொதுச்சொல். மருந்து பாட்டிலை நாம் குலுக்கினாலும் ஷேக், கை தானாக ஆடினாலும் ஷேக். சந்தேகம் வந்தால் இதைப் போடலாம்.

2. ஷிவர்: குளிரிலும் காய்ச்சலிலும் வெடவெடன்னு நடுங்குவது. அப்போது தசைகள் வேகமாகச் சுருங்கி விரிந்து உடம்புக்குச் சூடு உண்டாக்குகின்றன.

3. ட்ரெம்பிள்: பயம், கோபம், பலவீனத்தால் வரும் நடுக்கம். பேச்சுப்போட்டி மேடையில் என் கால் ஆடியது இதுதான்!

4. ஷடர்: அருவருப்பிலோ திகிலிலோ உடம்பு சட்டென்று ஒரு உதறு உதறுவது.

5. குவிவர்: அழுகை வருவதற்கு முன் உதடு துடிப்பது.

6. வைப்ரேட்: வேகமான, விடாத அதிர்வு. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓடும்போது டேபிள் மேல் கை வைத்துப் பாருங்கள், விர்ர்ருன்னு இருக்கும்.

7. ராட்டில்: சத்தத்தோடு ஆடுவது. டவுன் பஸ் ஜன்னல் கண்ணாடி, பென்சில் டப்பா. வாலை ஆட்டிச் சத்தம் போடும் பாம்புக்கு ராட்டில் ஸ்நேக் என்று பேர்.

8. வாபில்: ஒரு கால் குட்டையான பெஞ்சும், கோட்டம் எடுக்காத சைக்கிள் சக்கரமும் ஆடுவது.

9. ஸ்வே: காற்றில் தென்னை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வது.

10. க்வேக்: பலமாக நடுங்குவது. இதிலிருந்துதான் எர்த்க்வேக். நாமும் நிலநடுக்கம் என்றுதானே சொல்கிறோம்! 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. அப்போது நம்ம திருப்பூரும் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2009-ல்தான் தனி மாவட்டம் ஆனது.

ஒரு சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். எங்க அப்பாரு கள்ளுகூடத் தொட்டதில்லை. ஆனால் கை ஆடுவதையும் மெதுவாக நடப்பதையும் பார்த்துவிட்டு, “பெரியவர் குடிச்சுட்டு ஆடறாரு” என்று ஊரில் சிலர் பேசினார்கள். அது காதில் விழுந்ததிலிருந்து அவர் டீக்கடைக்கே போகவில்லை. குடித்தவர் தள்ளாடுவதற்கு ஆங்கிலத்தில் ஸ்டாகர் என்று தனிச்சொல் இருக்கிறது. தள்ளாட்டம் வேற, நடுக்கம் வேற.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: “கை சும்மா மடியில இருக்கும்போது ஆடுதுங்களா, டம்ளரை எடுக்கும்போது ஆடுதுங்களா?” சும்மா இருக்கும்போதுதான் அதிகம் என்று அப்பாரு சொன்னார். இன்னும் சோதித்துப் பார்த்துவிட்டு, நடுக்குவாதம் என்றார். சீட்டில் ‘ட்ரெமர்’ என்று எழுதினார். ட்ரெம்பிளும் ட்ரெமரும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதினார். அதனால் இதற்கு பார்க்கின்சன் நோய் என்று பேர். மூளையில் டோபமைன் என்ற பொருள் குறைவதால் வருகிறது. முழுசாகக் குணமாகாது. ஆனால் மாத்திரையால் நடுக்கத்தைக் குறைக்கலாம். இது ஒட்டுவாரொட்டி இல்லை.

இப்போது அப்பாரு மறுபடியும் டீக்கடைக்குப் போகிறார். சிந்தாமல் இருக்க அரை டம்ளராக ஊற்றித் தருகிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: பரீட்சைப் பேப்பர் வாங்கும்போது உங்கள் கை ஆடுவது ஷிவரா, ட்ரெம்பிளா? விடை மேலேயே இருக்கிறது!



ஒன்பதாம் வகுப்பு மாணவி