கயானி ரொட்டிக்கடை

கசார்வாடியிலும் அதனை அடுத்த பிம்பிரி, தாபோடிப் பகுதிகளிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், ஊருக்குப் புறப்படும் நாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு வினா எழும்: இங்கிருந்து என்ன கொண்டுபோவது? புனே நகரத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை, கயானி ரொட்டிக்கடையின் ஷ்ரூஸ்பரி பிஸ்கோத்து. அன்பர்கள் சிலர் வேண்டியதற்கிணங்க, அக்கடையைக் கண்டுவரச் சென்றோம்.

கசார்வாடியில் புறநகர் ரயில் ஏறினால் கட்கி, சிவாஜிநகர் வழியே புனே நிலையத்தை அடையலாம். மெட்ரோ ரயிலும் உண்டு. நிலையத்திலிருந்து கேம்ப் பகுதியின் ஈஸ்ட் ஸ்ட்ரீட் அதிகத் தொலைவில்லை. நண்பகலில் கடையை அடைத்துப் பிற்பகலில்தான் மீண்டும் திறப்பர். ஆதலின் காலையிலேயே செல்லுதல் நன்று. வரிசையில் நிற்பதற்கு மட்டும் விலக்கில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் வெந்து எழும் மணம் தெருவிலேயே எதிர்கொண்டு அழைப்பதால், நிற்பது அவ்வளவு துன்பமாகத் தோன்றவில்லை.

இக்கடையை 1955-ஆம் ஆண்டில் ஈரானியச் சகோதரர்கள் தொடங்கினர். அதற்கு முந்திய ஆண்டில்தான் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை அமைந்தது. நம்மவரில் பலர் அத்தகைய ஆலைகளை நாடி வந்தனர்; ஈரானியரோ அடுப்பை நம்பி வந்தனர். சொராஸ்திர சமயத்தாரான இவர்களின் முன்னோர், வறுமையாலும் சமயக் கொடுமையாலும் யஸ்து, கெர்மான் பக்கங்களை விட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் இந்தியா வந்தவர்கள். மும்பையிலும் புனேயிலும் தேநீர்க் கடையும் ரொட்டிக் கடையும் வைத்துப் பிழைத்தார்கள். இங்கிலாந்து நாட்டு ஷ்ரூஸ்பரி ஊரின் பெயரைத் தாங்கிய பண்டம், ஈரானியர் கைப்பட்டு, மராட்டிய மண்ணின் சொத்தாகிவிட்ட விந்தையைப் பாருங்கள்!

மாவா கேக்கும் அங்கே புகழ்பெற்றது. மாவா என்பது வேறொன்றுமில்லை, பாலைச் சுண்டக் காய்ச்சிய நம் கோவாவேதான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் எவரேனும் உடனிருந்தால் இதனை விளக்கவே வேண்டியதில்லை.

சொல்லிலும் ஒரு சுவை உண்டு. மராட்டியர் ‘பாவ்’ என்கின்றனர். ஈழத் தமிழர் ‘பாண்’ என்கின்றனர். ஜப்பானியரும் ரொட்டியைப் ‘பான்’ என்றே அழைக்கின்றனர். மூன்றும் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்த ஒரே சொல்லின் பிள்ளைகள்.

ஆயினும் ஈரானியர் கடைகள் பல மறைந்துவருகின்றன. படித்த பிள்ளைகள் விடியுமுன் எழுந்து மாவு பிசையும் தொழிலுக்கு வர விரும்புவதில்லை. விறகடுப்புக்கும் இடர் வந்துள்ளது. மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் ரொட்டிக்கடைகள் ஆறு திங்களுக்குள் தூய எரிபொருளுக்கு மாறவேண்டுமென 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆலைப்பகுதியில் குழந்தைகளை வளர்க்கும் நாம் அவ்வாணையைக் குறைகூற இயலாது. ஆனால் சிறு கடைக்காரர் புதிய அடுப்புக்குப் பணம் எங்கே தேடுவார் என்பதையும் யாரேனும் எண்ணவேண்டும் அன்றோ?

முட்டை உண்ணாத இல்லத்தார், வாங்குமுன் ஒவ்வொரு பண்டத்தையும் பற்றிக் கேட்டறிவது நலம். பிஸ்கோத்தை ஈரமற்ற தகர டப்பாவில் இட்டு மூடினால் திருநெல்வேலி வரை கலங்காமல் செல்லும். மாவா கேக்கை மட்டும் நெடும்பயணத்திற்கு நம்பவேண்டாம். அதனைக் கசார்வாடியிலேயே, குழந்தைகள் கையில் கொடுத்து முடித்துவிடுங்கள்.