பிளேட்லெட் மட்டும் பார்த்தால் போதுமா?

கண்டியிலிருந்து குருநாகல் போகும் பாதையில் இருக்கிறது கலகெதர. மழை விட்டு டெங்கு பரவினால் அந்தப் பக்கத்து வீடுகளிலும் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எத்தனையாம்?" எண்பதாயிரம் என்று தெரிந்தால் பப்பாசி இலை பறிக்க ஆள் ஓடும். 2017இல் நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானபோது இந்த எண்ணைப் பேசாத வீடு குறைவு.

பிளேட்லெட் எனப்படும் குருதிச் சிறுதட்டு வழக்கமாக ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தைக் கருவி மிகச் சிறிய துளை வழியே விடுகிறது. ஒவ்வொரு கலம் கடக்கும்போதும் மின்தடை சற்றுக் கூடும். பெரிய துடிப்பு செங்குழியம், சின்னது சிறுதட்டு. வொலஸ் கோல்டர் என்ற அமெரிக்கர் 1953இல் காப்புரிமை பெற்ற உத்தி இது.

கருவியும் ஏமாறும். சிலருடைய சிறுதட்டுகள், குழாயிலுள்ள உறையாமருந்து பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டிகளைக் கருவி சிறுதட்டாக எண்ணாது. உடம்பில் குறையாதது றிப்போர்ட்டில் குறைந்துவிடும். கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

உண்மையாகவே இறங்கினாலும், எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே போவது 'இனிக் கவனம்' என்ற அறிவிப்புத்தான். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிவது. அதைச் சொல்வது அதே றிப்போர்ட்டில் இருக்கும் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்குழியங்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. திரவம் கசியக் கசிய இரத்தம் தடிக்கும். 40 இருந்தது 48 ஆகும். ஒன்று இறங்க மற்றது ஏறுகிறதா என்றுதான் வைத்தியர் பார்க்கிறார். நாமோ இறங்குவதை மட்டும் பார்த்துப் பதறுகிறோம்.

பப்பாசிச் சாறு? எங்கள் வீட்டிலும் அரைத்தோம். கசப்பு இன்னும் நினைவிருக்கிறது. நோய் தணியும்போது முதலில் வெண்குழியம் ஏறும், பின்னால் சிறுதட்டும் ஏறும். சாறு குடிக்காதவருக்கும் அப்படித்தான். இரத்தக் கசிவு இல்லாதவருக்கு முன்கூட்டியே சிறுதட்டு ஏற்றுவதாலும் பலன் இல்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

காய்ச்சலின் மூன்றாம் நாள் இரத்தம் சோதியுங்கள். முடிந்தவரை ஒரே லேப்புக்குப் போங்கள். பழைய றிப்போர்ட்டுகளை எறியாமல் திகதி வரிசையில் வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சல் விட்டதென்று அந்தச் சோதனையை நிறுத்திவிடாதீர்கள். கசிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.