‘நியாவ் நியாவ்’னா பூனை இல்லை பாஸ்!

உங்க கையில் ஒரு பூனைப் படம். எதிரே குட்டிக் குட்டி நாற்காலிகளில் இருபத்தைந்து வாண்டுகள். எல்லாம் மூணு, மூணரை வயசு. ‘வாட் இஸ் திஸ்?’னு உற்சாகமா கேட்கறீங்க. முன்வரிசையில் ஒரு பொடியன் எழுந்து நின்று, ‘நியாவ் நியாவ்!’ என்கிறான். அட, முதல் நாளே புரிஞ்சுக்கிட்டானேனு உங்களுக்குப் பெருமை தாங்கலை. ‘வெரிகுட்! கேட்!’னு கை தட்டறீங்க. அவன் முகம் சுருங்குது. இன்னும் சத்தமா, ‘நியாவ் நியாவ்!’. நீங்களும் இன்னும் பலமா கை தட்டறீங்க...

அடுத்த நிமிஷம், தரையில் சின்னதா ஒரு குளம்!

சீன மழலையில் ‘நியாவ் நியாவ்’ என்றால் ‘ஒண்ணுக்கு வருது’. பூனைக்கு அந்த ஊரில் ‘மாவ்’ என்று பெயர். சீனாவுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். சொல்லித்தரப் போன இடத்தில் முதலில் கத்துக்க வேண்டியது நீங்கதான்!

‘டிகிரி முடிச்சாச்சு. இங்கிலீஷும் சுமாரா வரும். சீனாவில் சின்னப் பசங்களுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தா கை நிறைய சம்பளம், ஊரும் சுத்திப் பார்க்கலாமாமே?’ இப்படி ஓர் ஆசை உங்களுக்கும் எட்டிப் பார்த்திருக்கலாம். தப்பே இல்லை. ஆனா, பெட்டியைக் கட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் உட்காருங்க. பேச வேண்டிய விஷயம் நிறைய இருக்கு.

ஏன் இந்த இங்கிலீஷ் மோகம்?

2001-ஆம் வருஷத்தைச் சீனாவின் இங்கிலீஷ் வருஷம்னே சொல்லலாம். அந்த ஜூலையில்தான் 2008 ஒலிம்பிக்ஸ் பெய்ஜிங்குக்குக் கிடைத்தது. டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்தது. அதே வருஷம், ஆரம்பப் பள்ளியில் மூணாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் சொல்லித்தரும் ஏற்பாட்டை அந்த நாட்டுக் கல்வி அமைச்சகம் ஆரம்பித்தது.

இதோட இன்னொரு பூதமும் இருக்கு. பேர் ‘காவ்காவ்’. நம்ம ப்ளஸ் டூ பரீட்சைக்கு அண்ணன்! காலேஜ் சீட்டைத் தீர்மானிக்கிற நுழைவுத்தேர்வு. பெரும்பாலான மாகாணங்களில் சீன மொழிக்கு 150, கணக்குக்கு 150, இங்கிலீஷுக்கும் 150 மார்க். அப்புறம் பெற்றோர் சும்மா இருப்பாங்களா? ‘மூணாம் வகுப்பு வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? மூணு வயசிலேயே ஆரம்பிச்சுடுவோம்’னு கிளம்பிட்டாங்க. கிண்டர்கார்டன் வாசலில் ‘இரு மொழி’ என்ற போர்டு. கூடவே, ஒரு வெளிநாட்டு முகம். அந்த முகத்துக்கு ‘வாய்ஜியாவ்’ என்று பெயர். வெளிநாட்டு ஆசிரியர்னு அர்த்தம்.

ஒரு நாள் கூத்து

வகுப்பு எப்படி இருக்கும்? மூணு வயசுக்கு ‘சின்ன வகுப்பு’, நாலு வயசுக்கு ‘நடு வகுப்பு’, அஞ்சு வயசுக்குப் ‘பெரிய வகுப்பு’. அரசு விதிப்படி இவற்றில் முறையே 25, 30, 35 குழந்தைகள் வரை இருக்கலாம். காலையில் கேட்டிலேயே ஒரு நர்ஸ் நிற்பார். ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையையும் உள்ளங்கையையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். கை, கால், வாய்ப்புண் நோய் ஒருத்தருக்கு வந்தா வகுப்புக்கே வந்துடுமே! அப்புறம் மைதானத்தில் பாட்டு போட்டு உடற்பயிற்சி. நீங்களும் ஆடணும். ‘எனக்கு வெட்கமா இருக்கு’ன்னா, இந்த வேலை உங்களுக்கு இல்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வரிசையாகக் குட்டிக் கட்டில்கள் விரியும். ரெண்டு மணி நேரம் போல தூக்கம். தண்ணி? எப்பவும் வெதுவெதுன்னுதான். ஜில்லுன்னு குடிச்சீங்கன்னா, குழந்தைகளே உங்களைப் பாவமாப் பார்ப்பாங்க. சாயந்திரம் கூட்டிப்போக அப்பா, அம்மாவைவிடத் தாத்தா, பாட்டிகள்தான் அதிகம் வருவாங்க.

வகுப்பில் உங்க கூட ஒரு சீன டீச்சர் இருப்பார். சுத்தம், சாப்பாடு எல்லாம் பார்த்துக்கொள்ளும் அம்மாவைக் குழந்தைகள் ‘ஆயி’ன்னு கூப்பிடுவாங்க. நம்ம ஊர் ஆயா ஞாபகம் வருதா? சீனத்தில் அதுக்குச் சித்தி, அத்தை மாதிரி அர்த்தம். இந்த ஆயியை நட்பாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. உங்களை ‘லாவ்ஷி’ன்னு கூப்பிடுவாங்க. ஆசிரியர்னு அர்த்தம். அதில் இருக்கிற ‘லாவ்’ என்ற சொல்லுக்கு ‘வயசானவர்’னு பொருள். 22 வயசிலேயே கிழவர் பட்டம்! கோவிச்சுக்காதீங்க, அது மரியாதை.

‘உனக்கு எத்தனை வயசு?’னு இங்கிலீஷில் கேட்டால், ஒருத்தி கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டுவாள். ‘அப்புறம் போன் பண்றேன்’னு சொல்றாளோன்னு நினைச்சுடாதீங்க. ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே கையில் காட்டிவிடுவது சீன வழக்கம். அவள் காட்டியது ஆறு!

நாக்கு சொல்லும் கதை

அந்தக் குழந்தைகள் ‘புக்’கைப் ‘புக்கு’ மாதிரி இழுப்பாங்க. சிரிக்காதீங்க! நாமும் பஸ்ஸு, ஸ்கூலுன்னு சொல்றவங்கதானே? சீனப் பொதுமொழியில் ஓர் அசை உயிரொலியிலோ, ‘ன்’, ‘ங்’ போன்ற ஒலிகளிலோதான் முடியும். க், ட், ப் என்று வெட்டி நிறுத்தும் பழக்கம் அங்கே கிடையாது. அதனால் கடைசியில் ஒரு உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கஷ்டம் அமெரிக்கரைவிட நமக்குச் சீக்கிரம் புரியும்.

‘தேங்க் யூ’ அங்கே ‘சாங்க் யூ’ ஆகும். ‘ஹீ’யும் ‘ஷீ’யும் இடம் மாறும். காரணம், பேச்சில் அவன், அவள், அது மூணுக்கும் ஒரே சொல்தான், ‘தா’. பன்மைக்குக் கடைசியில் ஒட்டும் ‘ஸ்’ கிடையாது. நேற்று, இன்று, நாளை எதுவானாலும் வினைச்சொல்லின் உருவம் மாறாது. அதனால் ‘எஸ்டர்டே ஐ கோ’ன்னு குழந்தை சொன்னால் அது முட்டாள்தனம் இல்லை. அதன் தாய்மொழி இங்கிலீஷுக்குள் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஓர் ஆச்சரியமும் இருக்கு. நம்ம ‘ழ’வுக்கு ரொம்பப் பக்கத்தில் ஓர் ஒலி சீனத்தில் உண்டு. சூரியன், நாள் என்பதற்கான சொல்லே அந்த ஒலியில்தான் தொடங்குது. நம்ம ஊர் அறிவிப்பாளர்களே தடுமாறுகிற எழுத்து, பீஜிங் வாண்டுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி!

பேசாத குழந்தை

மூணு வயசுக் குழந்தைக்கு கிராமர் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரே விஷயத்தில் உட்காராது. இந்த வயசுக்கு உடம்பால்தான் பாடம். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் பிரபலப்படுத்திய ஒரு முறை உண்டு. ‘ஜம்ப்’னு சொல்லிக்கொண்டே நீங்க குதிக்கணும். குழந்தையும் குதிக்கும். அது வாயைத் திறக்கணும்னு கட்டாயமே கிடையாது. கேட்கட்டும், செய்யட்டும், பேச்சு தானா வரும். தாய்மொழியை நாம எல்லோரும் அப்படித்தானே கத்துக்கிட்டோம்?

சிக்கல் எங்கே வருதுன்னா, ‘தானா வரும்’ என்பதற்குப் பொறுமை வேணும். சில குழந்தைகள் வாரக்கணக்கில், ஏன், மாசக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாது. மூலையில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆனா, சாயந்திரம் ஆனா பெற்றோரின் வீசாட் குரூப் காத்திருக்கும். ‘என் பெண் இன்னிக்கு என்ன பேசினாள்? வீடியோ எங்கே?’ கட்டின பணத்துக்குக் கணக்கு வேணுமே! பள்ளி நிர்வாகி உங்க பக்கம் பார்ப்பார். அந்தக் குழந்தையை இழுத்து நிறுத்தி, ‘சே ஆப்பிள்... சே ஆப்பிள்...’னு கேமரா முன்னாடி வதைக்கப் போறீங்களா? இல்லை, அது பேசாமலே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பெரியவர்களுக்குப் புரிய வைக்கப் போறீங்களா?

நீங்க டீச்சரா, இல்லையா என்பது இந்த இடத்தில்தான் தெரியும்.

முகத்துக்கு ஒரு விலை

இப்போ கசப்பான பகுதி. இந்தச் சந்தையில் பல இடங்களில் விற்றது பாடம் இல்லை, முகம். வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் இருந்தால் போதும், சொல்லித்தரத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளிக்காரர்கள்கூட ‘வெளிநாட்டார் மாதிரி இல்லையே’ என்று ஒதுக்கப்பட்டதுண்டு. கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் இன்னும் கஷ்டம்.

சட்டமும் நமக்குச் சாதகமாக இல்லை. 2017 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டாரை ஏ, பி, சி என்று பிரிக்கும் வேலை அனுமதி முறை நாடு முழுக்க வந்தது. மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும், டிகிரி வாங்கியிருக்க வேண்டும் என்பதே பொது விதி. ‘கான்வென்டில் படிச்சேன், இங்கிலீஷில்தான் கனவே வரும்’னு நீங்க சொல்லலாம். ஆனா, நடைமுறையில் அவங்க பட்டியலில் இருப்பது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா மாதிரியான நாடுகள்தான். இந்திய பாஸ்போர்ட் அதில் இல்லை. பி.எட். முடித்து, கற்பித்த அனுபவத்தோடு சர்வதேசப் பள்ளிகளில் கணக்கு, அறிவியல் நடத்தப் போகும் வழி வேறு. அந்தக் கதவு நமக்குக் கொஞ்சம் அகலம்.

அப்படியும் ‘முதல்ல வாங்க, விசாவை அப்புறம் மாத்திக்கலாம்’ என்று இனிக்க இனிக்கப் பேசும் ஏஜென்ட்கள் உண்டு. படிக்கிற விசாவிலோ, பிசினஸ் விசாவிலோ போய் வகுப்பெடுத்து மாட்டினால்? 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் முற்றினால், அதோட 5 முதல் 15 நாள் வரை காவல். நாடு கடத்தலும் நடக்கலாம். ஏஜென்ட் உங்க கூட உள்ளே வரமாட்டார்.

ஒரே அறிவிப்பு, எல்லாம் காலி

2021 ஜூலை 24. ‘ஷுவாங் ஜியன்’ என்ற உத்தரவு வந்தது. ‘இரட்டைக் குறைப்பு’ன்னு அர்த்தம். வீட்டுப்பாடச் சுமை, டியூஷன் சுமை ரெண்டையும் குறைக்கணுமாம். பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்காக டியூஷன் நடத்தக் கூடாது. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரை வைத்து ஆன்லைன் வகுப்பு எடுக்கக் கூடாது. பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் டியூஷனே கூடாது. அமெரிக்க ஆசிரியர்களைச் சீனக் குழந்தைகளோடு திரையில் இணைத்து வளர்ந்த ‘விஐபி கிட்’ கம்பெனி, அடுத்த மாசமே அந்த வகுப்புகளுக்குப் புது ஆள் சேர்ப்பதை நிறுத்தியது.

1993-இல் தொடங்கிய ‘நியூ ஓரியன்டல்’ சீனாவின் மிகப் பெரிய இங்கிலீஷ் கோச்சிங் கம்பெனிகளில் ஒன்று. சுமார் 60,000 பேரை வீட்டுக்கு அனுப்பினோம் என்று அதன் நிறுவனர் யூ மின்ஹோங்கே சொன்னார். பிறகு கம்பெனி ஆன்லைனில் அரிசி, பழம், இறைச்சி விற்க ஆரம்பித்தது. 2022 ஜூனில் அதன் பழைய இங்கிலீஷ் டீச்சர் டோங் யூஹுய், ஒயிட்போர்டில் வார்த்தைகளை எழுதி விளக்கிக்கொண்டே பொருள் விற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். வகுப்பை மூடினாலும் வாத்தியார் வாத்தியார்தான்!

குழந்தைகளும் குறைகிறார்கள். 2016-இல் 1 கோடியே 78 லட்சத்துக்கு மேல் பிறந்த நாட்டில், 2023-இல் பிறந்தது சுமார் 90 லட்சம். அந்த ஒரே வருஷத்தில் 14,000-க்கும் அதிகமான கிண்டர்கார்டன்கள் கணக்கிலிருந்து மறைந்தன. 2025 ஜூன் 1 முதல் அமலில் உள்ள பாலர் கல்விச் சட்டம், கிண்டர்கார்டனில் ஆரம்பப் பள்ளிப் பாடம் நடத்தவே கூடாது என்கிறது. பழைய வேலைவாய்ப்புக் கதைகளை நம்பி விமானம் ஏறாதீங்க.

கையெழுத்துப் போடும் முன்...

* விசா ‘இஸட்’ வகைதானா? வேறு எந்த எழுத்தாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

* வேலை அனுமதியில் இருக்கும் பள்ளியும் நீங்க நிற்கப் போகும் பள்ளியும் ஒன்றா? வேறு இடத்தில் வகுப்பெடுத்தாலும் அது சட்ட விரோதம்தான்.

* டிகிரிச் சான்று, போலீஸ் நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை இவற்றைக் கேட்காமலே ‘ஓகே’ சொல்லும் இடம் சந்தேகத்துக்குரியது.

* போய் இறங்கி, ஹோட்டலில் தங்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் முகவரியைப் பதிய வேண்டும். தங்கும் அனுமதிக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

* கடைசியாக, உங்களையே கேளுங்கள்: ‘குழந்தைகளை எனக்குப் பிடிக்குமா?’ பதிலில் தயக்கம் இருந்தால், சீனாவைச் சுற்றிப் பார்க்க டூரிஸ்ட் விசாவே போதும்.

பிடிக்கும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாளே, அவள் ஒரு நாள் மதியத் தூக்க நேரத்தில் தன் பொம்மைக்குப் போர்வை போர்த்தி, யாருக்கும் கேட்காத குரலில் ‘குட் நைட்’ என்பாள். கேமரா இருக்காது. வீசாட்டுக்குப் போகாது. உங்க பாஸ்போர்ட்டில் எந்த ஊர் முத்திரை இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. நீங்க தினமும் சொன்னது மட்டும் அவளிடம் தங்கியிருக்கும்.

இந்த வேலை சீனாவில்தான் கிடைக்கணும்னு இல்லை. உங்க தெரு முனை அங்கன்வாடியிலும் பேசாத குழந்தை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். எங்கே போனாலும் சரி, அது முதலில் என்ன சொல்ல வருதுன்னு காதுகொடுத்துக் கேளுங்க.

‘நியாவ் நியாவ்’னா உடனே தூக்கிட்டு ஓடுங்க!