கன்னத்துக்குள் கரையும் நூல்

1922இல் எவரெஸ்ட் ஏற வந்த தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், பயணம் முடிந்ததும் தெற்கே சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூருக்கு வந்தார். ராம்சே என்ற லண்டன் மிஷன் மருத்துவர் 1838இல் தொடங்கிவைத்த ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர், இங்கிலாந்தில் தொழில் நடத்தும் எண்ணத்தைக் கைவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். தெற்குத் திருவிதாங்கூரில் அன்று குடல்புண் சர்வசாதாரணம். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைக்கும் ஆபரேஷனைச் சாமர்வெல் ஏராளமாகச் செய்திருக்கிறார்.

வயிற்றை மூடிய பிறகு உள்ளே போட்ட தையலை யார் பிரிப்பது? அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் இதற்குக் கையாண்டது கேட்கட் நூல். ஆட்டுக்குடலையோ மாட்டுக்குடலையோ முறுக்கிச் செய்தது. காயம் கூடும்வரை அது தாங்கி நிற்கும். பிறகு உடம்பின் நொதிகளே அதைச் செரித்துவிடும். 1860களின் கடைசியில் அதைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்து நம்பகமான தையல் நூலாக்கியவர் ஜோசப் லிஸ்டர்.

இன்று முகத்தைத் தூக்கி நிறுத்துவதாகச் சொல்லும் ‘திரெட் லிஃப்ட்’ இந்த வம்சத்துப் பிள்ளைதான். நூல் மட்டும் மாறியிருக்கிறது. பெரும்பாலும் பாலிடயாக்சனோன், சுருக்கமாகப் பிடிஓ. 1980களிலிருந்து ஆபரேஷன் தியேட்டரில் புழங்கும் செயற்கை நூல் அது. இதைக் கரைப்பது நொதியல்ல, திசுக்களில் இருக்கும் நீர். ஆறேழு மாதத்தில் நூல் போன இடம் தெரியாது.

முகம் தொங்குவதற்குத் தோல் மட்டும் காரணமில்லை. நாற்பதை நெருங்கும்போது கன்னத்துக் கொழுப்புத் திட்டுகள் சுருங்கிக் கீழே சரிகின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் இழைகள் தளர்கின்றன. தாடை எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தோலில் கொலாஜன் குறைகிறது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பும், தாடையோரத்துத் தொங்கலும் இப்படி வருபவை.

சிகிச்சைக்கு வருபவரை முதலில் நிமிர்ந்து உட்காரவைத்துக் கோடு போடுவார்கள். படுத்தால் தொங்கலே மறைந்துவிடும் அல்லவா? மரத்துப்போகும் ஊசி போட்டு, காதோரத்திலோ நெற்றிப்பொட்டிலோ ஒரு துளையிட்டு, மொட்டை முனைக் குழாய் ஒன்றைத் தோலுக்கு அடியில், கொழுப்பு அடுக்கின் வழியே செலுத்துவார்கள். நூல் அதற்குள் இருக்கிறது. குழாயை உருவியதும் நூல் உள்ளே தங்கும். அதன் உடம்பெல்லாம் சிறு முட்கள். குளச்சல் மீனவரின் தூண்டிலில் இருக்கும் எதிர்முள்ளைப் போல அவை ஒரு திசையில் வழுக்கிப் போகும், மறுதிசையில் கொளுவிக்கொள்ளும். நூலை இழுத்து, திசுவை அதன்மேல் மேலேற்றி, வெளியே நீட்டிய நுனியை நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

முள் நூலுக்கு 1964லேயே காப்புரிமை இருந்தது. முகத்துக்கு அதைப் பரவலாக்கியவர் 1990களின் பிற்பகுதியில் மாஸ்கோவில் இருந்த சுலமானிட்ஸே. அவருடைய நூல் பாலிபுரொபிலீன், கரையாது. கரையாத நூல் வருடங்கள் கழித்துத் தோலில் தடம் காட்டியது, நுனி துருத்தியது. அதனால்தான் சந்தை கரையும் நூலுக்குத் திரும்பியது.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். குடலுக்குள் நூல் கரையலாம், ஏனென்றால் அதற்குள் காயம் ஒட்டிக்கொள்கிறது. கன்னத்தில் ஒட்டவேண்டிய காயம் ஏது? நூலைச் சுற்றி உடம்பு கொஞ்சம் கொலாஜன் கட்டுகிறது. அதுதான் மிச்சம் என்கிறார்கள் ஆதரவாளர்கள். ஆனால் முதல் வாரம் கண்ணாடியில் தெரிந்த தூக்கலில் பெரும்பகுதி ஓராண்டு வாக்கில் இறங்கிவிடுகிறது. பாலிலாக்டிக் அமில நூல்கள் இன்னும் மெதுவாகக் கரைபவை, கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். லேசாகத் தொங்கத் தொடங்கிய முகத்துக்கு இது பொருந்தும். தோல் நிறையத் தளர்ந்தவருக்கு நூலைக் காட்டி ஆசை காட்டுவது வியாபாரம்.

தொந்தரவுகளும் உண்டு. வீக்கமும் நீலம் பாரிப்பதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வடியும். கன்னத்தில் குழி விழுவது, ஒரு பக்கம் ஏறி இருப்பது, நுனி வெளியே வருவது, சீழ் பிடிப்பது எல்லாம் நடக்கின்றன. அபூர்வமாக முக நரம்போ உமிழ்நீர்க் குழாயோ காயப்படலாம். முகத்தின் உள்ளமைப்பு தெரிந்த தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ செய்யவேண்டிய வேலை இது, பியூட்டி பார்லரின் பின்னறையில் செய்வதல்ல. சில வாரம் மல்லாந்து படுக்கவேண்டும், வாயை அகலத் திறக்கக்கூடாது, முகத்தைத் தேய்க்கக்கூடாது. மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போய் உட்காரும் மைனிமார் இதைக் கவனிக்க.

நாஞ்சில் நாட்டுக் கன்னத்துக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நெய்யூரில் வேலைபார்த்த டாக்டர் ஐ.எம். ஆர், வெற்றிலை போடும் திருவிதாங்கூர்வாசிகளுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். பாக்கும் புகையிலையும் அடக்கி அடக்கி உள்கன்னம் விறைத்தவர்களுக்கு வாய் திறக்காது, கன்னம் ஒட்டிப்போகும். பார்ப்பதற்கு அதுவும் முதுமை போலத்தான் இருக்கும். நூல் அதைச் சரிசெய்யாது. மூன்று விரலை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் வைக்கமுடியாதவர், அழகு கிளினிக்குக்குப் போகும் முன் பல் டாக்டரிடம் உள்கன்னத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும்.