அம்மாவை எங்கே விடுவது?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கமெல்லாம் முதியோர் இல்லப் பலகைகள்தான். பிள்ளை அமெரிக்காவிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். இரவில் அம்மா கூப்பிட்டால் ஆள் வருகிறதா என்று யார் பார்ப்பது?

2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்து இல்லமொன்றின் வண்டியை ஜனங்கள் மறித்தார்கள். உள்ளே காய்கறி, ஒரு பிணம், கூடவே உயிருள்ள மூதாட்டி! அதன் பிறகே அதிகாரிகள் விழித்து, அங்கிருந்தவர்களை வேறிடங்களுக்கு மாற்றினார்கள்.

ஆகவே சகோதரிகளே, சேர்க்குமுன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். வாசல் பூந்தொட்டி கிடக்கட்டும், குளியலறையைப் பாருங்கள். குறையிருந்தால் 14567க்குப் போன் செய்யலாம்.

"கோபத்தை அம்மாவிடம் காட்டுவார்களே!" என்று தயங்கினாள் என் சிநேகிதி. நியாயமான பயம். மற்றக் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேள் என்றேன்.