'ஃபார்மட் செய்யவா?' என்று பழைய கம்ப்யூட்டர் கேட்கிறதா? அவசரப்பட்டு 'யெஸ்' கொடுக்காதீங்க!

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் என்று வைத்துக்கொள்வோம். மகாதீபப் படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் புது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, ஸ்டூடியோவின் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் செருகுகிறீர்கள். 'டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?' என்று ஒரு கேள்வி வருகிறது. 'சரி, பண்ணிக்கோ' என்று அழுத்தினால் அவ்வளவுதான், படங்கள் கைவிட்டுப் போகும்.

ஏன் அப்படிக் கேட்கிறது?

பெரும்பாலும் டிஸ்க் கெட்டுப்போயிருக்காது. அதிலுள்ள ஃபைல் சிஸ்டம் அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001-ல். எக்ஸ்ஃபேட் வந்தது 2006-ல். பின்னாளில் வந்த அப்டேட்டைப் போடாத எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைச் செருகினால் புது விண்டோஸும் இதே கேள்வியைத்தான் கேட்கும். எனவே 'நோ' கொடுத்துவிட்டு, டிஸ்க்கை முதலில் வேலை செய்த கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பாருங்கள்.

2 டிபிக்கு மேல் வாங்கலாமா?

எம்பிஆர் என்ற பழைய முறை, டிஸ்க்கை 512 பைட் கட்டங்களாகப் பிரித்து நம்பர் போடுகிறது. அதனால் சுமார் 429 கோடி கட்டங்களைத்தான் எண்ண முடியும். அதாவது 2.2 டிபி. அதற்கு மேல் ஜிபிடி முறை தேவை. வழக்கமான 32 பிட் எக்ஸ்பி அதைப் படிக்காது. விண்டோஸ் 7 படிக்கும். எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் 2 டிபியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்த ஃபார்மட்?

* விண்டோஸ் மட்டும் என்றால்: என்டிஎஃப்எஸ்.
* மேக், விண்டோஸ் 7, அதற்குப் பிந்தையவை என்றால்: எக்ஸ்ஃபேட்.
* ஃபேட்32 எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கல்யாண வீடியோவுக்கு அது போதாது.

டிஸ்க்கே காட்டவில்லையா?

மின்சாரம் போதாமல் இருக்கலாம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்; 3.0 தருவது 900. ஹப்பில் செருகாமல், சிபியுவின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கட்டாயம்.

அப்படியும் வரவில்லையா? 'மை கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து, 'மேனேஜ்' வழியாக 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போங்கள். டிஸ்க் அங்கே இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், டிரைவ் லெட்டர் கொடுத்தால் போதும். புத்தம்புது காலி டிஸ்க் என்றால் மட்டும் ஃபார்மட் செய்யுங்கள். அதற்கு முன் டிஸ்க்கின் அளவை இரண்டு முறை சரிபாருங்கள். பக்கத்து டிஸ்க்கை அழித்துவிட்டுக் கலங்குபவர்கள் நிறையப் பேர்!

தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டீர்களா?

உடனே டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். 'க்விக் ஃபார்மட்' பெரும்பாலும் அட்டவணையைத்தான் அழிக்கிறது. படங்கள் உள்ளேயே கிடக்கும். மேலே புதிதாக எதையும் காப்பி செய்யாதவரை, மீட்க வாய்ப்பு உண்டு. படங்கள் திரும்பக் கிடைத்ததும் முதல் வேலையாக இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு காப்பி போட்டு வையுங்கள்.